கரண்ட் வைக்கப் போன இடத்தில் மெஷினைப் பற்றிக் கேட்காமல் விட்டேன்

34 வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிற டர்னராக இருந்தவன் நான். ஜாப்பை, அதாவது கடைகிற துண்டை, சரியாகப் பிடிக்காமல் டூலை ஓட்டக்கூடாது என்பது தொழிலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அப்படிப்பட்டவன், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைக்க என் உடம்பே ஜாப்பாக மேசையில் ஏறியபோது, எந்த மெஷின், எப்படிப் பிடிக்கிறார்கள், எதை வைத்து அளக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரிடம் மெஷினைப் பற்றிக் கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஆன செலவு 62,000 ரூபாய். கூடவே ஆறு வாரம்.

2024 நவம்பரில், மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 14.6 என்று வந்தது, அது அதிகம். எம்.ஆர்.ஐ., பயாப்சி எல்லாம் முடிந்து, புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 4+3 என்றார்கள். (நோய் எவ்வளவு வேகமானது என்பதற்குப் போடுகிற மதிப்பெண் கிளீசன்.) எலும்புக்குப் பரவவில்லை. ஆண் ஹார்மோனை அடக்குகிற ஊசியை மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஆறு மாதம் போட்டுக்கொண்டு, இடையில் கரண்ட் வைக்க வேண்டும் என்பது முடிவு. (கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் சொல்வோம். படுத்திருக்கும்போது ஒன்றுமே தெரியாது, ஷாக்கும் அடிக்காது.) மனைவி போய் ஐந்து வருஷம் ஆகிறது, பையன் பெங்களூரில். அவனுக்கு லீவு கிடைக்காது என்று நானே சொல்லிவிட்டு, ஃபைலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தனியாகத்தான் போனேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். 2017-இல் வண்டியிலிருந்து விழுந்து எனக்கு இடது இடுப்பில் செயற்கை மூட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையே அந்த உலோகத்தைச் சுற்றித்தான்.

முதல் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வீட்டிலிருந்து நாற்பது நிமிஷம். 2025 ஜனவரியில் 'சிமுலேஷன்' என்று கூப்பிட்டார்கள். சிகிச்சை ஆரம்பிக்கும் முன், நாம் எப்படிப் படுப்போமோ அப்படியே படுக்கவைத்து எடுக்கிற சி.டி. ஸ்கேன் அது. அந்தப் படத்தின் மேல்தான் எங்கிருந்து எவ்வளவு கதிர் விட வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் அங்கே இருந்தது எல்லா நோயாளிக்கும் பொதுவான ஸ்கேனர். அதன் மேசை படகு மாதிரி நடுவில் குழிந்திருக்கும். கரண்ட் வைக்கிற மெஷினின் மேசையோ தட்டையானது. அதனால் குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டு என்னைப் படுக்கவைத்தார்கள். செயற்கை மூட்டுக்காரனால் காலை நீட்டி ரொம்ப நேரம் படுக்க முடியாது, வலிக்கும் என்றேன். ஒரு தலையணையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்தார்கள். தலையணை! இன்றைக்கு ஒரு உயரம், நாளைக்கு ஒரு உயரம். முழங்கால் இரண்டு அங்குலம் ஏறினால் இடுப்பெலும்பு திரும்பும், உள்ளே இருக்கிற உறுப்பும் கூடவே நகரும். ஒரு கத்துக்குட்டி பையன் லேத்தில் துணியைச் சுருட்டி ஜாப்புக்கு முட்டுக் கொடுத்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அங்கே வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

அப்புறம் அச்சு எடுத்தார்கள். வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தகடு. அதை வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் அப்பளத்தைத் தண்ணீரில் நனைத்த மாதிரி துவண்டுவிடுகிறது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, துண்டில் ஒற்றி, தொப்புளிலிருந்து தொடை வரை போர்த்தி அழுத்தினார்கள். சூடு பொறுக்கிற சூடுதான். சில நிமிஷத்தில் உடம்பின் வடிவத்தில் இறுகிவிட்டது. அதன் மேல் என் பெயரை மார்க்கரால் எழுதினார்கள். அச்சுக்குத் தனியாக 4,500, ஸ்கேன், பிளான் எல்லாம் சேர்த்து 48,000. இரண்டையும் அன்றைக்கே கட்டினேன். திருப்பித் தர மாட்டார்கள் என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, படம் சரியில்லை என்றார்கள். காரணம் என் இடுப்பு. உலோகத்தைத் தாண்டி எக்ஸ்ரே சரியாகப் போகாது, அதனால் சி.டி. படத்தில் மூட்டிலிருந்து கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் வாரியடித்த மாதிரி குறுக்கே ஓடும். அந்தக் கோடுகளுக்குள் புராஸ்டேட் எங்கே முடிகிறது, மலக்குடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அடர்த்தி என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கதிர் அளவைக் கணக்கிடுகிறது. கோடு விழுந்த இடத்தில் அந்த அடர்த்தியே பொய். சில ஸ்கேனர்களில் உலோகக் கோடுகளைக் குறைக்கிற மென்பொருள் இருக்கும், அங்கே இல்லை. முதல் நாள் கொடுத்த படிவத்தில் 'இடது இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை 2017' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. உடம்பில் இடுப்பு மூட்டு, கம்பி, பேஸ்மேக்கர் எது இருந்தாலும், படிவத்தை நம்பாமல் டாக்டரிடமும் ஸ்கேன் எடுப்பவரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள். மூட்டு வைத்தபோது கொடுத்த ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். டைட்டானியமா, கோபால்ட்-குரோமியமா என்பதில் கணக்கு மாறும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதற்கும் அந்த அட்டைதான் சாட்சி. என்னுடையது பீரோவில் நகை ரசீதுகளுக்கு அடியில் இருந்தது.

சரி, ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள், சி.டி.யின் மேல் பொருத்திப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. இல்லாததால் வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் 9,500 கொடுத்து எடுத்தேன். யோசனை நல்ல யோசனைதான், எம்.ஆர்.ஐ.யில் புராஸ்டேட்டின் ஓரம் சி.டி.யைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனால் எப்படி எடுக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சென்டரில் வழக்கம்போல சிறுநீர் போய்விட்டு வரச் சொல்லி, குழிந்த மேசையில், காலை நீட்டவைத்து எடுத்தார்கள். சி.டி. எடுத்ததோ மூத்திரப்பை நிறைந்த நிலையில், முழங்காலை மடித்து. இரண்டும் ஒரே ஆளின் வயிறு என்றுகூடச் சொல்ல முடியாதபடி இருந்ததாம். பொருந்தவில்லை. பிளானுக்காக எம்.ஆர்.ஐ. கேட்டால், தட்டையான மேசையில், அதே முழங்கால் தாங்கியோடு, மூத்திரப்பை அதே அளவு நிறைந்திருக்கும்போது எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 9,500 ரூபாய்ப் படம் யாருக்கும் உபயோகப்படவில்லை.

எப்படியோ பிப்ரவரி நடுவில் பிளான் தயார் என்றார்கள். 39 சிட்டிங், அதாவது 39 தடவை கரண்ட். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வந்தது: மெஷின் ரிப்பேர், சொல்லும்போது வந்தால் போதும். இருந்தது ஒரே மெஷின். ஒன்பது நாள் தினமும் போன் செய்தேன், தினமும் 'பார்ட் வரணுங்க' என்ற பதில். அந்த ஒன்பது ராத்திரியும் தூக்கமில்லை. ஊசியின் பக்கவிளைவாக நெஞ்சிலிருந்து முகம் வரை திடீர் திடீரென்று தீயாய் எரியும், வேர்த்துக்கொட்டும், ஃபேனைப் போட்டால் குளிரும். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே அது வளர்ந்துகொண்டிருக்கிறது, நான் பார்ட்டுக்குக் காத்திருக்கிறேன் என்று நினைத்தால் அழுகை வரும். ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்வரை சில வாரத் தாமதத்தால் நோய் பெரிதாக முந்திவிடாது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒன்பது ராத்திரியாவது தூங்கியிருப்பேன்.

பத்தாவது நாள், பிளானை டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள், வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். காசு கொடுத்து வாங்கிய பிளான் என்னுடையதுதானே என்று நினைப்பு. டிஸ்க்கைக் கொடுத்தார்கள். கொஞ்சம் தூரத்தில் இருந்த இரண்டாவது மருத்துவமனையில் அதை மேசைமேல் வைத்தேன். கணக்குப் போடுகிற மெடிக்கல் பிசிசிஸ்ட் ஒரு இளம்பெண். டிஸ்க்கைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னது. "ஐயா, இதைத் தெரிஞ்சுக்கறதுக்குப் பார்த்துக்கலாம், ஆனா எங்க மெஷின்ல ஓட்ட முடியாதுங்க" என்றது. ஏன் அம்மணி என்று கேட்டேன். அந்த மெஷினில் கதிரை வடிவமைக்கிற டங்ஸ்டன் பட்டைகள் ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் அகலம், எங்களுடையதில் 5. அது ஏழு திசையில் நின்று நின்று விடுகிற ஐ.எம்.ஆர்.டி. பிளான், நாங்கள் சுற்றிக்கொண்டே விடுகிற வி-மேட். கதிரின் சக்தி, மெஷினின் அளவீடுகள் எல்லாம் வேறு. நீங்கள் படுக்கிற கார்பன் ஃபைபர் மேசைகூடக் கொஞ்சம் கதிரைக் குடிக்கும், அதையும் கணக்கில் ஏற்றியிருப்போம், உங்கள் பழைய மேசை வேறு. இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டது. டர்னர் என்றதும் சிரித்து, "அப்ப உங்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு மெஷினுக்குப் போட்ட புரோகிராமை வேற மெஷின்ல ஏத்துவீங்களா?" என்றது. வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே பணம் கட்டும் முன் முதலில் கேட்க வேண்டியது, மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான். சில இடங்களில் ஒரே அளவீட்டுக்கு ஒத்துப்போக வைத்த இரண்டு மெஷின்கள் இருக்கும். அங்கே ஒன்று படுத்தாலும் அதே பிளான் அடுத்ததில் ஓடும். ஒத்துப்போகாத மெஷின் என்றால் பிளானை மறுபடி போட வேண்டும். ஒரே மெஷின் உள்ள இடம் மோசமான இடம் என்று சொல்ல வரவில்லை. பதில் என்ன என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள் என்கிறேன்.

இரண்டாவது இடத்தில் வேலை வேறு தினுசு. முழங்கால் தாங்கிக்கும் பாதம் மாட்டுகிற கட்டைக்கும் மேசையில் எண் போட்ட பள்ளங்கள் இருந்தன. என்னுடையது எந்த எண் என்று ஃபைலில் எழுதிக்கொண்டார்கள், கடைசி நாள் வரை அதே எண். அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. உலோகக் கோட்டைக் குறைக்கிற ஸ்கேன், அதே நிலையில் எம்.ஆர்.ஐ., இரண்டும் ஒரே நாளில் எடுத்தார்கள். இடது மூட்டைத் துளைத்துக்கொண்டு கதிர் உள்ளே நுழையாதபடி, மெஷின் சுற்றும்போது அந்தக் கோணத்தில் மட்டும் கதிரை நிறுத்தி பிளான் போட்டார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்பே புராஸ்டேட்டுக்குள் மூன்று தங்கத் துணுக்குகளை வைத்திருந்தார்கள். அரிசிக் குருணை அளவுதான். பயாப்சி மாதிரியே மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்து ஊசியில் செலுத்துவது. வலியைவிட மானம்தான் அதிகம் போனது. (நான் ரத்தம் உறையாமலிருக்க எகோஸ்பிரின் சாப்பிடுகிறவன். நிறுத்தலாமா என்று இதய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தேதி கொடுத்தார்கள்.) புராஸ்டேட் ஒரே இடத்தில் இருக்கிற உறுப்பு இல்லை. மலக்குடலில் வாயு நிறைந்தால் முன்னே தள்ளும், மூத்திரப்பை நிறைந்தாலும் மாறும். முதல் மருத்துவமனையின் மெஷினில் எடுக்க முடிந்தது சாதாரண எக்ஸ்ரே படம் மட்டும், அதில் எலும்புதான் தெரியும். எலும்பு சரியாக நின்றாலும் உறுப்பு நகர்ந்திருக்கலாம். இரண்டாவது இடத்து மெஷினில் படுத்தபடியே சி.டி. எடுக்கலாம், ஆனால் என் உலோகம் அந்தப் படத்திலும் கோடு போடும். தங்கம் இருந்ததால் மூன்று புள்ளிகளைப் பார்த்து மேசையை நகர்த்தினார்கள்.

இதில் என்ன லாபம் என்பதை வீட்டில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழைய பழக்கம். உறுப்பு நகரும் என்பதற்காகச் சுற்றிலும் கொஞ்சம் சேர்த்துத்தான் கதிர் விடுவார்கள், அதற்கு மார்ஜின் என்று பெயர், எங்கள் தொழிலில் டாலரன்ஸ் மாதிரி. முதல் இடத்தில் 10 மில்லிமீட்டர், இரண்டாவது இடத்தில் 5, மலக்குடல் பக்கம் அதைவிடக் குறைவு. புராஸ்டேட்டை 4 செ.மீ. விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 33 மில்லி. சுற்றிலும் 10 மில்லிமீட்டர் சேர்த்தால் 113. அதே 5 மில்லிமீட்டர் என்றால் 65. அதாவது வீணாகச் சுடப்படுகிற நல்ல சதை 80 மில்லியிலிருந்து 32 மில்லியாகக் குறைகிறது. அந்த 80-இல் மலக்குடலின் முன்சுவரும் மூத்திரப்பையின் கழுத்தும் இருக்கின்றன. பின்னால் ரத்தம் போவதும் எரிவதும் அங்கிருந்துதான். 'ஐ.எம்.ஆர்.டி. வைக்கிறோம்' என்று சொன்னால் அதோடு நிற்காமல், தினமும் படம் எடுப்பீர்களா, எலும்பை வைத்தா உறுப்பை வைத்தா பொருத்துவீர்கள், மார்ஜின் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

சிட்டிங் எண்ணிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். முதல் இடத்தில் 39 தடவை, தடவைக்கு 2 கிரே (கதிரை அளக்கிற அலகு). இரண்டாவது இடத்தில் 20 தடவை, 3 கிரே வீதம் மொத்தம் 60. குறைத்து ஏமாற்றுகிறார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிரிட்டனில் 3,200 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 20 தடவை 60 கிரே நீண்ட முறைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியிருப்பதாக டாக்டர் விளக்கினார். ஒவ்வொரு தடவையும் அளவு கூடுவதால் குறி தப்பக்கூடாது. அதனால்தான் தினமும் படம். எனக்கு 19 நாள் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

இதற்கிடையில் ஆலோசகர்கள் வேறு. பையனின் நண்பர் ஒருவர் சைபர்நைஃப் என்ற மெஷினைச் சொன்னார், ஐந்தே சிட்டிங். ஐந்து சிட்டிங் முறையைச் சோதித்த பெரிய ஆய்வில் வழக்கமாகக் கரண்ட் வைக்கிற லினாக் மெஷினையும் பயன்படுத்தியிருக்கிறார்கள், மெஷின் பெயருக்காக அலைய வேண்டாம், தவிர அந்த ஆய்வில் உங்கள் 4+3 கிளீசன் ஆட்களைச் சேர்க்கவில்லை என்றார் டாக்டர். இன்னொருவர், எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் என்ற துகளை விட்டு சிகிச்சை தருகிற, சென்னையில் 2019-இல் திறந்த புரோட்டான் சென்டருக்குப் போகச் சொன்னார். பிசிசிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன். புராஸ்டேட்டுக்கு புரோட்டானை வழக்கமாக இரண்டு இடுப்புப் பக்கத்திலிருந்தும் விடுவார்களாம். ஒரு பக்கம் உலோகம் என்றால் புரோட்டான் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்ற கணக்கே ஆடிப்போகும். விலை அதிகமான கருவி எல்லாருக்கும் நல்ல கருவி இல்லை என்பது என் இடுப்பு விஷயத்தில் தெரிந்தது.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூத்திரப்பையை நிரப்புவது நம் வேலை. சிறுநீர் போய்விட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, 45 நிமிஷம் காத்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலை மேலே தள்ளிவைக்கும், தானும் பெருமளவு கதிரிலிருந்து தப்பும். நான்காவது நாள் முன்னால் இருந்தவருக்கு நேரம் இழுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் ஏறும்போது வேட்டி நனைந்துவிட்டது. 67 வயதில், சின்னப் பிள்ளைகள் முன்னால். டெக்னீசியன் பையன் ஒன்றும் பேசாமல் துண்டை நீட்டி, "பரவால்லீங்கப்பா, இங்க இது தினமும் நடக்கறதுதான்" என்றான். மறுநாளிலிருந்து மாற்று வேட்டி பையில் இருந்தது. நீங்களும் எடுத்துப்போங்கள். வரிசையில் எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தண்ணீரைக் குடியுங்கள். இன்னொரு நாள் முந்தின ராத்திரி தட்டப்பயறு சுண்டல் சாப்பிட்டுப் போனேன். படத்தில் மலக்குடல் பலூன் மாதிரி தெரிந்ததாம், நடந்துவிட்டு வாங்க என்று இறக்கிவிட்டார்கள். அரை மணி நேரம் பார்க்கிங்கைச் சுற்றினேன். சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே பயறு, முட்டைக்கோஸை நிறுத்தி, காலையில் வயிறு காலியாகப் பழக்கிக்கொள்வது நல்லது.

கதிர் ஓடுகிற நேரம் இரண்டு, மூன்று நிமிஷம்தான். ஏழு திசை முறை என்றால் இன்னும் அதிகம் ஆகும், அதற்குள் மூத்திரப்பை இன்னும் நிறைந்துவிடும் என்பதைப் பிறகுதான் யோசித்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி ஐந்து தடவை எழுந்தேன், சிறுநீரில் எரிச்சல், மத்தியானம் ஆனால் அசதி. முடிந்து ஒன்றரை மாதத்தில் எரிச்சல் அடங்கியது. ஏப்ரலில் முடித்தேன். அதற்கப்புறம் பார்த்த பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழே.

கடைசி நாள், இரண்டாவது இடத்தில் எடுத்த என் அச்சை வேண்டுமானால் எடுத்துப்போகலாம் என்றார்கள். முதல் மருத்துவமனையில் ஒரு நாள்கூடப் போடாத அச்சும் வீட்டில்தான் இருந்தது, 4,500 கொடுத்ததாயிற்றே என்று கேட்டு வாங்கி வந்திருந்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இடது இடுப்புப் பக்கம் விரல் நுழையும் அளவு இடைவெளி. முதலாவதை இப்போது கொல்லையில் கீரைப் பாத்தியின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளற முடியவில்லை.